பன்னிரண்டு மழை கண்ட சிப்பி

என் மகள் ஜெசிந்தா பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள், எனக்கு அது ஒன்றும் புதிதில்லை.

பழவேற்காட்டில் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒல்லாந்தர் கட்டின வேதக்கோயிலை ஒட்டினாற்போல் ஒரு பள்ளிக்கூடம். கூரை போட்ட ஒற்றை அறை. என் புருஷன் ஆபிரகாம் அங்கே உபாத்தியாயர். முப்பத்தோரு பிள்ளைகள் படிக்கிறார்கள். முப்பது பேர் பையன்கள். மிச்சம் ஒன்று என் மகள், பத்து வயசு.

அந்த ஒன்றை உள்ளே அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "பெண்பிள்ளைக்கு ஜெபம் தெரிந்தால் போதும்" என்று பள்ளிக்கூடத்தை நடத்துகிற பாதிரியார் ஒரே பிடியாக நின்றார். நானும் விடவில்லை. ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றேன். மனுஷன் என்னைக் கண்டாலே அங்கியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார். அந்த வாசலிலும் போய் நின்றேன். என் தொல்லை தாங்காமல்தான் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் பிறந்தது பழவேற்காட்டு உப்பேரிக்கு வடக்கே சுண்ணாம்புக்குளம். ஞானஸ்நானம் வாங்கி மரியம்மா ஆகிறதுக்கு முந்தி என் பேர் பொன்னியம்மாள். எங்கள் ஜனங்கள் பூமியைத் தோண்டிக் கிளிஞ்சல் எடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குகிறவர்கள். கோட்டைச் சுவருக்குப் பூசியிருப்பது எங்கள் சுண்ணாம்பு. அந்தக் குடும்பத்தில் காகிதத்தைப் பார்த்து வாய் திறந்து வாசித்த முதல் ஆள் என் மகள்தான். அவள் முதல் வரி வாசித்த அன்று நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். கை நாறுகிறது என்றுகூடப் பார்க்காமல் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இந்த வருஷப் பரீட்சைக்குக் கோட்டையிலிருந்து துரைகள் இரண்டு பேர் வருவதாகச் செய்தி வந்தது. என் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வேதத்தில் வருகிற சலப்பிரளயத்துப் பாடத்தை நடத்திக் காட்டப் போகிறாராம். பூமி முழுக்கத் தண்ணீர் மூடியது என்பதற்குச் சாட்சியாகச் சுண்ணாம்புக்குளத்துக் கிளிஞ்சலையே பெஞ்சியில் வைக்கப் போகிறாராம்.

"கடல் எங்க கீது, உங்க ஊரு எங்க கீது? அங்க மண்ணுக்குள்ள சிப்பி எப்படி வந்துச்சு? பிரளயத்துல வந்துச்சு. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்? நீ போய் நல்லதா பாத்து எடுத்தாந்துடு. ஒடஞ்சது கிடஞ்சது வாணாம். முழுசா, அழகா இருக்கணும்" என்றார்.

அவர் பழவேற்காட்டிலேயே பிறந்து பள்ளிக்கூடத்திலேயே வளர்ந்தவர். கிளிஞ்சல் குழியில் இறங்கினவர் இல்லை. முழுசா இருக்கிற சிப்பி என்று கேட்டால் எங்கள் ஊரில் எதை எடுத்துக் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் யோசிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு படகேறிப் போனேன்.

குழியில் என் அக்காள் வேலம்மா இருந்தாள். அவள் இன்னும் அம்மனைக் கும்பிடுகிறவள். என்னை "வேதக்காரி" என்று கிண்டல் பண்ணுவாள், ஆனால் என் மகள் என்றால் உயிர். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"முழுசா வோணுமா? அப்ப மேல கிடக்கிறது ஆவாது. அலைஞ்ச சிப்பி அதெல்லாம்" என்றாள்.

ஜெசிந்தா உடனே பிடித்துக்கொண்டாள். "அலைஞ்ச சிப்பின்னா இன்னா பெரியம்மா?"

அதில் ஒன்றும் வித்தை இல்லை. குழி வேலை செய்கிற பொம்பிளை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து போட்ட சிப்பி ஒற்றை ஓடாகக் கிடக்கும், ஓரம் தேய்ந்திருக்கும். அதை அப்படியே காளவாயில் கொட்டலாம். உட்கார்ந்த சிப்பி வேறே. அது பிறந்த இடத்திலேயே இருந்து அங்கேயே செத்தது. இரண்டு ஓடும் மூடி, வாயை மேலே வைத்துக்கொண்டு, களிமண்ணுக்குள் வரிசையாக நிற்கும். உள்ளே மண் அடைத்திருக்கும். அப்படியே நெருப்பில் போட்டால் பட்டென்று வெடித்துக் கண்ணைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்து மண்ணைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். என் பதினெட்டு வயசு வரைக்கும் நான் செய்த வேலை அதுதான். கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

வேலம்மா இரண்டு ஆள் ஆழத்தில் இறங்கி, களிமண்ணோடு ஒரு கொத்தைப் பெயர்த்து எடுத்து வந்தாள். பெரிய சிப்பி ஒன்று அடியில். அதன் முதுகில் இன்னொன்று முளைத்து வளர்ந்திருக்கிறது. அதன் மேலே ஒன்று, அதன் மேலே ஒன்று. ஒன்பது இருந்தது.

"பாட்டி, அம்மா, பொண்ணு, பேத்தி எல்லாம் ஒரே வூட்ல" என்று வேலம்மா சிரித்தாள். அப்புறம் மகளின் விரலைப் பிடித்து அடிச் சிப்பியின் முதுகில் வைத்தாள். "வரி வரியா கீது பாரு. மழைக்கு ஒண்ணு."

மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இறங்கி ஏரித் தண்ணீர் சப்பென்று ஆகிவிடும். உப்பில் வளர்கிற சிப்பி அப்போது வளராமல் நின்றுபோகும். உப்பு ஏறினால் மறுபடி வளரும். நின்ற இடத்தில் ஒரு வரி விழும். இதை நான்தான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். வேலம்மா சொன்னாள் என்று நான் யார் மேலும் பழி போடவில்லை. நான்தான் சொன்னேன்.

ஜெசிந்தா எண்ணினாள். அடிச் சிப்பியில் பன்னிரண்டு வரி.

"அப்ப இது பன்னெண்டு மழை உசுரோட இருந்துச்சா?"

"ஆமாம்."

"குழிக்கு அடி எங்க?"

"யாருக்குத் தெரியும்? தண்ணி ஊறிடும், மேல வந்துடுவோம்" என்றாள் வேலம்மா. பிறகு மடியிலிருந்து ஒரு தடித்த ஓட்டை எடுத்துக் காட்டினாள். "இது ரொம்ப அடியில கிடைக்கும். இந்த மாதிரி ஏரியில உசுரோட நானும் பாக்கல, எங்க நைனாவும் பாக்கல. மேல வர வர மெலிசாய்க்கினே வருது."

மகள் அந்த ஓட்டையும் ஏரிச் சிப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுதான் மாறி மாறி அதுவாச்சோ?" என்று கேட்டாள். வேலம்மா, "அத்த உன் நைனாவைக் கேளு, படிச்சவரு" என்று சொல்லிவிட்டாள்.

அவள் நைனாவைக் கேட்கவில்லை. பரீட்சையில் சொன்னாள்.

பள்ளிக்கூடம் அன்று பூப்போட்டு ஜோடித்திருந்தது. துரைகள் நாற்காலியில். பெற்றவர்கள் நாங்கள் பின்னால் தரையில். பெஞ்சியின் நடுவில் அந்தக் கொத்து. நன்றாகக் கழுவித்தான் வைத்திருந்தேன். என் புருஷன் புதுத் தலைப்பாகை கட்டியிருந்தார். ஜெசிந்தாவைத்தான் முதலில் எழுப்பினார். அவளைவிடத் தெளிவாக வாசிக்கிற பிள்ளை அங்கே கிடையாது.

பாதிரியார் கேட்டார், "பிரளய ஜலம் பூமியின்மேல் எத்தனை நாள் நின்றது?"

"நூற்றைம்பது நாள்."

"நல்லது. இந்தச் சிப்பிகள் எதற்குச் சாட்சி?"

அவள் கொத்தைப் பார்த்தாள். நைனாவைப் பார்த்தாள்.

"இது பிரளயத்துல வந்தது இல்ல ஐயா. பிரளயம் நூற்றைம்பது நாளுதான். இது ஒண்ணுக்கே பன்னெண்டு மழை ஆகியிருக்கு. இதுக்கு மேல இருக்கிறது இது வளந்த அப்புறம் பொறந்தது. அடிச்சிக்கினு வந்திருந்தா வாய் தெறந்து ஒத்தை ஒத்தையா கிடக்கும். இது உட்காந்த சிப்பி."

சொன்னதோடு விட்டாளா? "குழியில ரொம்ப அடியில கிடைக்கிற தடிச்ச சிப்பி இப்ப ஏரியில இல்லவே இல்ல. அது மாறித்தான் இது வந்திருக்கும்னு நெனைக்கிறேன்" என்றாள். பொய் சொல்லுகிற குரல் இல்லை அது. கணக்குச் சரியாக வந்த பிள்ளையின் குரல்.

துரைகளுக்குத் தமிழ் தெரியாது. ஒருவர் பாதிரியாரிடம் என்ன என்று கேட்டார். பாதிரியார் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். துரை சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பாதிரியாரின் காது மடல் சிவந்துபோனது.

அவர் எழுந்து கொத்தைக் கையில் எடுத்தார். கட்டைவிரலை அடிச் சிப்பியின் முதுகில் வைத்து மெதுவாக நகர்த்தினார். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். எண்ணினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் பன்னிரண்டு வரைக்கும் எண்ணினார். எண்ணி முடித்து, சுடுசட்டியைப் போல அதைக் கீழே வைத்தார்.

"இதை உனக்கு யார் போதித்தார்?"

"எங்க அம்மா" என்றாள் ஜெசிந்தா, பெருமையாக.

அன்று சாயங்காலம் பாதிரியார் எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"மரியம்மா, இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நான். வேதத்தின் முதல் ஏட்டைப் பொய்யென்று பத்து வயதில் சொல்லுகிறவள் இருபது வயதில் எந்த ஏட்டை நம்புவாள்? மற்றப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் அல்லவா?"

"ஐயா, முதல் ஏட்டப் பொய்னு அவ எங்க சொன்னா? ஆண்டவர் செய்யலேன்னு யாரு சொன்னது? மெதுவா செய்தாருன்னு வச்சிக்கக் கூடாதா? கருவாடு காயவே நாலு நாள் ஆவுது. இம்மாம்பெரிய உலகத்துக்கு ஆறே நாளுன்னா…"

என் புருஷன் என் முழங்கையைக் கிள்ளினார்.

"நீங்களே குழிக்கு வந்து பாருங்க ஐயா. நான் எறங்கி எடுத்துத் தரேன். உங்களுக்கும் கண்ணு கீது. காலையில எண்ணுனீங்கதானே?"

"நான் எண்ணியது எனக்கு. பள்ளியில் சொல்லுவது எல்லாருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சபைக்கு முன்பாக ஜெசிந்தா எழுந்து, தான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். சொல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவார். இனி பெண்பிள்ளை யாரையும் சேர்ப்பதில்லை என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் புருஷன் தலைப்பாகையை அவிழ்த்து மூலையில் எறிந்தார்.

"நான் முழுசா கேட்டேன், நீ எத்த எடுத்தாந்த?"

"முழுசாத்தான் எடுத்தாந்தேன். குழிக்கு ஒரு தபா வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பாத்தா மட்டும்? கண்ணால பாத்தத நான் நம்பிட்டேன்னு வை. நாளைக்குக் கையில இருக்கிற புஸ்தகத்த நான் இன்னா பண்றது? அத்த வச்சித்தானே மனுஷனா நிக்கிறேன்?" அதற்கு மேல் அவரோடு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை.

மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கெஞ்சினேன். மிரட்டினேன். வெல்லம் கொடுத்தேன். முதுகில் ஒரு அடியும் வைத்தேன், சாகட்டும் இந்தக் கை.

"ஒரே ஒரு வார்த்த. தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிடுடி. என் தங்கம் இல்ல."

"தப்பு எங்கம்மா? நீயே சொல்லு. எண்ணுனது தப்பா? பதினொண்ணா?"

"பன்னெண்டுதான்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன, என் தலை. மூன்று நாள் இப்படியே போனது. அவள் என் மகள் அல்லவா, வாசலுக்கு வாசல் நிற்கிற குணம் வேறு எங்கிருந்து வரும்? சனிக்கிழமை அவள் சொன்னாள், "நான் பொய் சொன்னேன்னு நான் சொல்ல மாட்டேன். பேரை அடிச்சா அடிக்கட்டும்."

அவள் பேரை அடித்துவிட்டு அடுத்த வருஷமே யாராவது ஒருத்தனுக்குக் கட்டிவைத்து, அவளும் படித்ததை மறந்து என்னைப் போல எழுத்தைப் பார்த்து மாடு மாதிரி விழிக்கிறதை நினைத்துப் பார்த்தேன். அது என்னால் முடியாது. நான் பாதிரியார் வீட்டுக்கு ஓடினேன்.

"பிள்ள சொன்னது நான் சொல்லிக்கொடுத்தது. அவமேல இன்னா தப்பு? நான் பொய் சொல்லிக்கொடுத்தேன்னு நானே வந்து சொல்றேன். அவளை விட்டுடுங்க."

அவர் என்னையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். நான் நடுவில் நின்றேன். பாதிரியார் காகிதத்தில் எழுதி வைத்திருந்ததைத் துண்டு துண்டாக வாசித்தார், நான் திருப்பிச் சொன்னேன். சிப்பியின் வரி மழையைக் காட்டும் என்று நான் பிள்ளைக்குச் சொன்னது பொய். குழிச் சிப்பிகள் அங்கேயே வாழ்ந்தவை என்று சொன்னது பொய். அறிவீனத்தினால் சொன்னேன். கீழே ஒரு சிலுவைக் குறி போடச் சொன்னார், போட்டேன். மகள் பிழைத்தாள் என்றுதான் அப்போது தோன்றியது.

வழியெல்லாம் ஜெசிந்தா எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எண்ணுனது சரிதான்டி கண்ணு. அம்மா உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன்" என்றேன்.

"அப்ப கோயில்ல சொன்னதுதான் பொய்யா?"

"ஆமாம்."

"ஆண்டவர் முன்னாலயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எழுந்து வாம்மா. இப்பவே போய் நெஜத்த சொல்லிடலாம். எனக்குப் பள்ளிக்கூடம் வாணாம். நான் பெரியம்மாகூட குழிக்குப் போறேன். வாம்மா!"

அவள் இழுக்கிறாள், நான் அசையவில்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து மறுபடி இழுக்கிறாள். "ஒழுங்கா நாளைக்குப் பள்ளிக்கூடம் போற வழியைப் பாரு" என்று கையை உதறிவிட்டேன். அழுகை நின்றுவிட்டது. என்னைப் புதிதாய்ப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "நீ இதுவரிக்கும் சொன்னதுல எது எது நெஜம்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய் முகம் கழுவினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். நான் ஆசைப்பட்டது நடந்தது.

அந்த வாரம் என் புருஷன் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் எரிந்து விழுந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோதுதான் காரணம் தெரிந்தது. பிரளயப் பாடத்தில் பாதிரியார் புதிதாகச் சில கேள்வி எழுதிச் சேர்த்திருந்தார். நான் பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரம் நின்றேன். உள்ளே பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். உபாத்தியாயர் கேட்பார், நன்றாக வாசிக்கிற பிள்ளை முதலில் பதில் சொல்லும், மற்றவர்கள் கூடவே திருப்பிச் சொல்வார்கள். அப்படித்தான் அங்கே வழக்கம்.

"பூமிக்குள் கிடக்கும் சிப்பிகள் எவ்விதம் வந்தன?" என் புருஷன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சலப்பிரளயத்தினால் வந்தன" என்றது என் மகளின் குரல். முப்பது பையன்களும் திருப்பிச் சொன்னார்கள்.

"வேறு விதமாய்ச் சொன்னது யார்?"

"சுண்ணாம்புக்குளத்து மரியம்மா."

"அவள் சொன்னது மெய்யோ, பொய்யோ?"

அவள் தயங்குவாள் என்று நினைத்தேன். கஞ்சிச் சட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொய். அதை அவளே ஒப்புக்கொண்டாள்" என்றாள் ஜெசிந்தா. ஒரு எழுத்துப் பிசகவில்லை. முப்பது பையன்களும் அவள் பின்னால் சொன்னார்கள்.